ஒரு சாண் குறைந்த குத்து

கிளப்பில் எல்லோருக்கும் அவன் சம்மட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. போட்டி நாளன்று ஒலிபெருக்கியில் அதைச் சொன்னால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவனே ஒரு நொடி திரும்பிப் பார்ப்பான். இடக்கையன். அந்த இடது கை நேராக நீண்டு வந்து முகத்தில் விழுந்தால், வாங்கியவனுக்குத் தன் பெயரே மறந்துபோகும் என்று கிளப்பில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் வாங்கியவர்கள் யாரும் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவன், அடிக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கப் போனான். இதைவிட வேடிக்கை வேறு வேண்டுமா? வலது புருவத்தின் மேல் விழுந்த வெட்டு ஒவ்வொரு போட்டியிலும் திறந்துகொண்டது. இனிமேல் ரிங்குக்குள் இறங்கினால் கண் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கராத்தே படம் எடுக்கும் கூட்டம் ஒன்று கிளப்பைத் தேடி வந்தது. வில்லனின் ஆட்களில் ஒருவனாக நிற்க நிஜமான மூஞ்சி வேண்டுமாம். சம்மட்டியின் சப்பை மூக்கையும் தடித்த புருவத்தையும் பார்த்த இயக்குநர் பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரிச் சிரித்தார். அந்த மூக்குக்காக அவன் பட்ட பாட்டுக்கு முதல் முறையாக ஒருவர் மரியாதை கொடுத்தார்.

முதல் நாளே மானம் போயிற்று. "முகத்துல படாம அடிக்கணும்" என்று சண்டை மாஸ்டர் சொன்னதை, மெதுவாக அடிக்கச் சொல்கிறார் என்று இவன் எடுத்துக்கொண்டான். மெதுவாகத்தான் அடித்தான். எதிரில் நின்ற சண்டை நடிகரின் கீழ்ப் பல் ஒன்று தரையில் உருண்டது. படப்பிடிப்பு நின்றது. அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு, "பரவால்ல தம்பி, பழசுதான்" என்று சொன்னபோது சம்மட்டிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாஸ்டர் அவனைத் துரத்தவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க அடிக்கிறவன் நடிகன் இல்லப்பா. வாங்குறவன்தான் நடிகன். அவன் தலைய எடுப்பான், நீ ஒரு சாண் முன்னாடி நிறுத்தணும். கேமரா பக்கத்துலேருந்து பாத்தா மூக்கே உடைஞ்ச மாதிரி இருக்கும். சைடுல நின்னு பாத்தாத்தான் குட்டு வெளிப்படும்" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் பாடம். மாஸ்டர் டீ டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்தபடி எதிரில் நிற்பார். "என் மூக்கப் பாத்து முழு வேகத்துல அடி. டீ சிந்தக் கூடாது." முதலில் சம்மட்டி பயந்து பயந்து கையை நீட்டினான், மாஸ்டர் திட்டினார். பிறகு வேகமாக நீட்டினான். மாஸ்டரின் சட்டையெல்லாம் டீ ஆயிற்று. காலைத் தூக்கி உதைக்கச் சொன்னால் இன்னும் கேவலம். குத்துச்சண்டைக்காரனுக்குக் கால் என்பது நிற்பதற்கு. அதை எதிராளியின் காது வரை தூக்கு என்றால் அது எங்கே கேட்கும்? கால்சட்டை கிழிந்ததுதான் மிச்சம். ஆனாலும் விடவில்லை. சாப்பிடப் போகும்போது, பல் தேய்க்கும்போது, கண்ணாடி முன்னால், கதவு முன்னால், எங்கேயும் அவனுடைய கை நீண்டு ஒரு சாண் முன்னால் நின்றது. இரண்டு படம் முடிவதற்குள் டீ சிந்துவது நின்றது. இப்போது வில்லனுக்கு வலது கையாக நிற்கும் வேடம். வசனம்கூட உண்டு: "யார்ரா அவன்?" நல்ல வசனம்தான்.

கிளப்பில் மட்டும் இதற்கு மரியாதை இல்லை. ஒரு நாள் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்க்கப் போனவனைப் பார்த்து, பையில் குத்திக்கொண்டிருந்த ஒருவன், "அண்ணே, பாத்து அடிங்க, காத்துக்கு வலிக்கப் போவுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோச்சும் வாயைத் துடைக்கிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார். சம்மட்டியும் சேர்ந்து சிரித்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை வந்து நின்றான். தங்கச்சியின் புருஷன். அதற்கு முன்பே கிளப் சிநேகிதன். ஒரே வயது, ஒரே எடை. சம்மட்டி இருந்த வரைக்கும் எல்லாவற்றிலும் இரண்டாம் இடம்தான் அவனுக்கு. அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, தங்கமான ஆள். பகலில் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்குவான், சாயங்காலம் கிளப். அவனுக்கு இந்த ஆண்டு கடைசி. அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும். துறைமுக அணிக்கான தேர்வில் இறுதிப்போட்டி வரைக்கும் வந்துவிட்டான். ஜெயித்தால் அணியில் இடம், அதோடு துறைமுகத்தில் நிரந்தர வேலை. தோற்றால் மூட்டைதான்.

"மச்சான், ஃபைனல்ல வர்றவன் இடக்கையன். நல்ல ஒசரம். நீட்டினான்னா அடுத்த தெருவுக்குப் போகுது கை. கிளப்புல அந்த மாதிரி ஆளே இல்ல. நீங்க ஒருத்தர்தான். காலைல கொஞ்ச நேரம் எனக்கு எதிர்ல நிக்க முடியுமா?"

சம்மட்டிக்குத் தலைகால் புரியவில்லை. இந்த உலகத்தில் இன்னும் ஒருவனுக்கு அவனுடைய இடது கை தேவைப்படுகிறது! "அதுக்கென்ன மாப்ள, இதக் கேக்கணுமா?" என்றான். கிளப்புக்கு மட்டும் வரமாட்டேன் என்றான். ஏன் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. மாப்பிள்ளை குடியிருந்த கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்தும் ஷெட் ஒன்று இருந்தது. காலையில் வண்டிகள் கிளம்பிப் போனபிறகு அங்கே பயிற்சிச் சண்டை என்று முடிவாயிற்று. தலைக்கவசம், தடித்த கிளவுஸ், பாதி வேகம், ஆனால் நிஜமான அடி. குத்துச்சண்டைக்காரன் எதிராளியின் கை எங்கே வந்து முடியும் என்பதைக் கண்ணால் மட்டும் அளந்துவிட முடியாது. வாங்கி வாங்கி முகம் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

முதல் நாளிலிருந்தே மாப்பிள்ளை அசத்தினான். சம்மட்டியின் இடது நீண்டு வரும். மாப்பிள்ளை தலையை ஒரு துளி பின்னால் இழுப்பான். கிளவுஸ் காற்றில் நிற்கும். அந்த நொடியே மாப்பிள்ளையின் வலது உள்ளே பாய்ந்து இவன் நெஞ்சில் விழும். வயிற்றில், தோளில் எல்லாம் சம்மட்டியின் அடி நன்றாகவே விழுந்தது. முகத்தில்தான் ஒன்றுகூடப் படவில்லை.

"என்ன மாப்ள இது, பாம்பு மாதிரி இழுக்கிறியே!"

"எல்லாம் உங்க கை புண்ணியம் மச்சான்."

இருவருக்கும் ஏக சந்தோஷம். தங்கச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போட வருவாள். ஷெட்டின் பக்கவாட்டில்தான் கொடி கட்டியிருந்தது. ஒரு நாள் ஈரத் துணியை உதறியபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தவள், மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"அவரு தலைய எடுக்கிறதுக்கு முன்னாடியே உன் கை நின்னுடுதே, அது அப்படித்தானா?"

சம்மட்டி சிரித்தான். "போடி இவளே. உன் புருஷன் வேகம் அப்படி. துணியக் காயப்போடு, போ."

அவள் போய்விட்டாள். சொன்ன வார்த்தை போகவில்லை. அன்று முழுக்க நெஞ்சு குறுகுறுத்தது. படப்பிடிப்பில், மதிய இடைவேளையில், அரங்கின் மூலையில் அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த மணல் பையின் முன் போய் நின்றான். அடித்தான். பை ஆடியது. அப்பாடா என்றிருந்தது. பிறகு ஏதோ தோன்ற, சுவரில் கழற்றி மாட்டியிருந்த வில்லனின் முகமூடியை எடுத்து அந்தப் பையில் முக உயரத்தில் கட்டினான். மூக்கைப் பார்த்து முழு வேகத்தில் விட்டான். கை ஒரு சாண் முன்னால் நின்றது. மறுபடி விட்டான். நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கைக்குத் தானே உத்தரவு போட்டு விட்டான். கை வந்து அதே இடத்தில் நின்றது. பக்கத்தில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒப்பனைக்காரர், "பிரேக்லகூட பிராக்டிஸா? நீ மேல வந்துடுவப்பா" என்று மெச்சிக்கொண்டார்.

அப்போது புரிந்தது அவனுக்கு. சம்மட்டி செத்துப்போய் வெகு நாளாகிவிட்டது. இவன் அந்தச் சப்பை மூக்கைச் சுமந்துகொண்டு அலைகிற வேறு யாரோ. அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருந்தது: மாப்பிள்ளை தினமும் காலையில் ஒரு பொய்த் தூரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். நிஜமான இடது கை, அவன் கற்ற இடத்தைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வரும்.

சொல்லிவிட வேண்டியதுதான். மறுநாள் ஷெட்டுக்குப் போகும் வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டு போனான். "மாப்ள, என் கை போச்சு. நீ வேற ஆளப் பாரு." இவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அங்கே போனால், மாப்பிள்ளை கிளவுஸின் நாடாவைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக நிற்கிறான்.

"மச்சான், நேத்து கிளப்புல சொன்னேன். சம்மட்டியாலயே என் மூஞ்சியத் தொட முடியலன்னு. கோச் நம்பவே இல்ல. நெஜமாவான்னு கேக்கறாரு."

"நெஜந்தான் மாப்ள. உன் கண்ணு அப்படி" என்றான் சம்மட்டி.

சொன்ன வாய்க்குள் மண்ணைப் போட்டு மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது. சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகும் தேர்வு நாள் வரைக்கும் போனான். இன்றைக்காவது உள்ளே விட்டு அடித்துவிடுகிறேன், இன்றைக்காவது அவன் மூக்கில் ஒன்று வைத்துக் காட்டிவிடுகிறேன் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு போனான். ஒரு முறை வேண்டுமென்றே ஒரு அடி முன்னால் எடுத்து வைத்துப் பார்த்தான். கையும் கெட்டிக்காரத்தனமாக முன்னதாகவே நின்றுகொண்டது. தங்கச்சி அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கொடியில் துணி போடுகிற நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

தேர்வு நடந்த அரங்கம் பெரியது. மேலே தகரக் கூரை, அடியில் மடக்கு நாற்காலிகள், மூலையில் ஒரு காப்பி இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் மூலையில் இரண்டு பேர் நிற்கலாம். ஒருவர் கோச். இன்னொருவர் யார் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "மச்சான்" என்றான் மாப்பிள்ளை. ஆகவே தண்ணீர்ப் புட்டியும் துண்டும் சம்மட்டியின் கைக்கு வந்தன. சினிமாவில் அவனைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் பின்னாலிருந்து "யார்ரா அவன்?" என்று கத்தினார்கள். அவன் திரும்பவில்லை.

மணி அடித்தது. அந்த இடக்கையன் அவசரப்படவில்லை. இரண்டு முறை கையை நீட்டிப் பார்த்தான். மூன்றாவது முறை நேராக விட்டான். மாப்பிள்ளை தலையை இழுத்தான். அழகாக இழுத்தான், ஷெட்டில் காலையெல்லாம் இழுத்த அதே அளவு. இழுத்துவிட்டு வலது கையை உள்ளே அனுப்பத் தோளைத் திருப்பியும் விட்டான். கிளவுஸ் வந்து அவன் மூக்கின் மேல் விழுந்தது.

மாப்பிள்ளை தலையை உதறிக்கொண்டு, எங்கோ தவறு நடந்துவிட்டது என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே தூரத்தில் போய் நின்றான். மறுபடியும் இழுத்தான். மறுபடியும் விழுந்தது. சுற்று முடிவதற்குள் மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு வந்துவிட்டது.

இடைவேளை ஒரு நிமிடம். மாப்பிள்ளை முக்காலியில் உட்கார்ந்தான். கோச் பஞ்சை எடுத்து மூக்கில் அடைத்துக்கொண்டே, "கால நகத்து, கால நகத்து, மரமா நிக்காத" என்று கத்தினார். மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை நீட்டிக்கொண்டு நின்ற சம்மட்டியைத்தான் பார்த்தான்.

"மச்சான், எல்லாம் சரியாத்தான் பண்றேன். தலைய எடுத்துட்டேன். எப்படி வந்து விழுது? நான் என்ன தப்பு பண்றேன்?"

இரண்டு சுற்று பாக்கி இருந்தது. இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு வரி போதும்: நான் ஒரு சாண் குறைத்து அடித்தேன் மாப்பிள்ளை, நீ ஒரு சாண் கூடுதலாக விலகு. அவனுக்குப் புரிந்துவிடும், அவன் அப்படிப்பட்ட ஆட்டக்காரன். ஆனால் கோச்சின் காது அரை முழத்தில் இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிளப் முழுக்க நின்றுகொண்டிருந்தது, காற்றுக்கு வலிக்கும் என்று சொன்னவன் உட்பட. சம்மட்டி வாயைத் திறந்தான்.

"கைய எறக்காத மாப்ள" என்றான்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

இரண்டாவது சுற்றின் நடுவில் நடுவர் சண்டையை நிறுத்தினார். மாப்பிள்ளை அப்போது ஒரு முழங்காலில் உட்கார்ந்து, தரையில் எதையோ தொலைத்தவன் போலத் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் இடக்கையனின் கையைத் தூக்கிக் காட்டினார்கள். சம்மட்டி துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ரத்தத்தைத் துடைத்தான். துடைக்கும்போதுகூட அந்தக் கை முகத்துக்குக் கொஞ்சம் முன்னால் தயங்கி நின்றது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனை. "கண்ணு போயிருக்கும் மச்சான். வயசாவுதுல்ல" என்றான். கண் டாக்டரிடம் போனான். அவர் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னாராம். கடைசி வரியையும் படித்துவிட்டு, அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்திருக்கிறான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். "அப்ப மூளைலதான் ஏதோ கோளாறு" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தானாம். இதைத் தங்கச்சி சொல்லச் சொல்ல, சம்மட்டி கையிலிருந்த டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தான். அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். அவன் டம்ளரைப் பார்த்தான்.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையே கேட்டான்.

"மச்சான், மூட்ட தூக்கி இடுப்பு போவுது. உங்க யூனிட்ல என்னையும் சேத்துவிடுங்களேன். வாங்கத்தான எனக்கு வருது, வாங்குற வேஷமே குடுக்கட்டும்."

சம்மட்டி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். வேலை நிரந்தரம் இல்லை, வெயிலில் நிற்க வேண்டும், மாஸ்டர் கோபக்காரர் என்று பூசி மெழுகினான். "நீ ஏண்ணே இவ்வளவு யோசிக்கிற? கூட்டிட்டுப் போ" என்று தங்கச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மறுக்க அவனுக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

பழைய பஞ்சு ஆலை ஒன்றைப் படப்பிடிப்பு அரங்கமாக மாற்றியிருந்தார்கள். மாஸ்டர் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னொரு பாக்சரா? டேய், எல்லாரும் பல்லப் பத்திரமா வச்சுக்கங்கடா" என்றார். சிரிப்பு அடங்கியதும், "மொதல்ல வாங்கக் கத்துக்க. சம்மட்டி, எதிர்ல நில்லு. நேர் லெஃப்ட் ஒண்ணு விடு. இவன் என்ன பண்றான்னு பாப்போம்" என்றார்.

"மாஸ்டர், இவரு புதுசு. வேற யாராச்சும்..."

"உன்ன விட நீட்டா அடிக்க இங்க யாரு இருக்கா? விடுப்பா."

சம்மட்டி விட்டான். கை நீண்டு வந்து ஒரு சாண் முன்னால் நின்றது. மாப்பிள்ளையின் தலை தானாகப் பின்னால் போனது, அதே துளி, அதே நேரத்தில்.

மாஸ்டர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "இருங்க இருங்க. புதுசா வர்றவன் ஒண்ணு பயந்து ரெண்டடி ஓடுவான், இல்ல செவுரு மாதிரி நிப்பான். இவன் என்னடான்னா கை நிக்கிற எடத்துக்குக் கணக்கா தலைய எடுக்கிறானே! எத்தனை மாசம் சொல்லிக்குடுத்தாலும் வராதுய்யா இது. எங்கப்பா கத்துக்கிட்ட? இன்னொரு தரம் பண்ணு."

சம்மட்டி கையைத் தூக்கினான். வேண்டாம் என்று உடம்பில் இருந்த அத்தனை எலும்பும் சொன்னது. விட்டான். இந்த முறை மாப்பிள்ளை தலையை எடுக்கவில்லை. கண்ணை இமைக்காமல் நின்றான். கை வந்து நின்றது. நின்ற கைக்கும் தன் மூக்குக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை மாப்பிள்ளை பார்த்தான். கையைப் பார்த்தான். பிறகு கைக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"யாருப்பா சொல்லிக்குடுத்தா?" என்றார் மாஸ்டர் மறுபடி.

"மச்சான்தான் மாஸ்டர்" என்றான் மாப்பிள்ளை. "தெனம் காலைல வந்து சொல்லிக்குடுத்தாரு."

மாஸ்டர் சம்மட்டியின் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களாய்யா? சொந்தக்காரன்னா எவ்வளவு அக்கறையா சொல்லிக்குடுத்திருக்கான்! இவன இன்னிக்கே எடுத்துக்கறேன்." சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். சம்மட்டிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை ஒரு அறை கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மாப்பிள்ளை அவனைத் தாண்டி நடந்தான். மாஸ்டர் சொன்ன இடத்தில் போய் நின்றான். சொன்னபடி வாங்கினான், விழுந்தான், எழுந்தான். நல்ல வேலைக்காரன்.

சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். சம்மட்டி ஓட்டினான், மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தான். வழக்கமாகத் தோளைப் பிடித்துக்கொள்கிறவன், அன்று பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பாதி தூரம் வந்தாயிற்று. ஒரு சிக்னலில் நிற்கும்போது காதருகே குரல் வந்தது.

"எப்பத் தெரியும் மச்சான்?"

"உன் பொண்டாட்டி கேட்டா. ஏன் கை முன்னாடியே நிக்குதுன்னு. அன்னிக்குத்தான்."

"அதுக்கப்புறமும் வந்தீங்க."

"வந்தேன்."

"சரி, காலைல சொல்ல வாய் வரல. விடுங்க." என்றான் மாப்பிள்ளை. "ரிங்ல தண்ணி குடுத்தீங்களே மச்சான். கோச்ச விட்டுட்டு உங்க மூஞ்சியத்தான பாத்து கேட்டேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

கோச் பக்கத்தில் இருந்தார், நேரம் இல்லை, பதற்றத்தில் தோன்றவில்லை என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் மென்று முழுங்கினான் சம்மட்டி.

"வெக்கமா இருந்துச்சு மாப்ள" என்றான். "என்னால அடிக்க முடியலன்னு அவங்க முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு."

விளக்கு பச்சைக்கு மாறியது. அடுத்தடுத்து ஹாரன் சத்தம் கேட்டது.

"வண்டிய எடுங்க" என்றான் மாப்பிள்ளை.

வீட்டு வாசலில் இறங்கினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். மூக்கின் மேல் இன்னும் ஒரு பக்கம் வீங்கித்தான் இருந்தது. இனி அது அப்படியேதான் இருக்கும். சம்மட்டி வண்டியை அணைக்காமல் நின்றான். ஏதாவது திட்டிவிட்டுப் போகமாட்டானா என்று காத்திருந்தான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாரு?"

"எட்டு மணிக்கு. நான் ஏழரைக்கு வந்து உன்னக் கூட்டிட்டு..."

"வேணாம் மச்சான். நான் பஸ்ல வந்துக்கறேன்."

படியேறி உள்ளே போனான். கதவு திறந்தபடி இருந்ததால் தங்கச்சியின் குரல் கேட்டது. "அண்ணன் எங்க, சாப்பிட வரலையா?"

"அவருக்கு வேல இருக்காம்" என்றான் மாப்பிள்ளை.

சம்மட்டிக்கு அன்று எந்த வேலையும் இல்லை.